112 கிலோவிலிருந்து 58-க்கு வர முடியுமா? ஸ்லீவ் ஆபரேஷனும் எடைக் கணக்கும்

கேள்வி சுருக்கமாக இது: அம்மாப்பேட்டையில் இருக்கும் 36 வயதுப் பெண். உயரம் 158 செ.மீ., எடை 112 கிலோ. மூன்று வருடமாகச் சுகருக்கு மாத்திரை. முழங்கால் வலி, ராத்திரியில் குறட்டை. ஆவணியில் ஸ்லீவ் ஆபரேஷனுக்கு, அதாவது எடை குறைய இரைப்பையைச் சின்னதாக்கும் ஆபரேஷனுக்கு, தேதி குறித்தாகிவிட்டது. மாசியில் தங்கச்சிக்குக் கல்யாணம். தன் கல்யாணத்தின்போது இருந்த 58 கிலோவுக்கு அதற்குள் வந்துவிட முடியுமா, வந்தால் அப்படியே நிற்குமா என்று கேட்கிறார்.

மாசிக்குள் 58 வராது, சகோதரி. அதற்கடுத்த மாசியிலும் அநேகமாக வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் சேலத்தில் டயட்டீஷியன். ஆபரேஷன் செய்கிற கை என்னுடையது இல்லை. அதற்கு முன்னும் பின்னும் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. பன்னிரண்டு வருடமாக இதைப் பார்த்ததில், ஆபரேஷன் சரியாக நடந்து, எடையும் சரியாகக் குறைந்து, அப்படியும் அழுதுகொண்டு வந்தவர்கள் நிறைய. எல்லோர் மனசிலும் உங்கள் 58 மாதிரி ஓர் எண் இருந்தது.

சரி, கணக்குக்கு வருவோம். உங்கள் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண், ஏறக்குறைய 45. உங்கள் உயரத்துக்கு பி.எம்.ஐ. 25 இருக்க வேண்டுமானால் எடை 62 கிலோ சொச்சம் இருக்க வேண்டும். 112-இல் அது போக மீதி 50 கிலோ. இதைத்தான் 'கூடுதல் எடை' என்று வைத்துக்கொள்கிறார்கள். சர்ஜன் "அறுபது சதவீதம் குறையும்" என்று சொன்னால், பெரும்பாலும் இந்த 50 கிலோவில் அறுபது சதவீதம் என்றுதான் பொருள். கேட்பவர் மனசோ 112-இல் அறுபது சதவீதம் என்று கணக்குப் போட்டுவிடுகிறது. அப்படிக் குறைந்தால் நீங்கள் 45 கிலோவுக்கு வந்துவிடுவீர்கள், ஆறாம் வகுப்புப் பெண் மாதிரி. 50-இல் அறுபது சதவீதம் 30 கிலோ. 112 கிலோ 82 ஆகும். அவ்வளவுதான்.

ஸ்லீவ் செய்தவர்களுக்கு ஒரு வருடம், ஒன்றரை வருடத்தில் கூடுதல் எடையில் 50 முதல் 70 சதவீதம் வரை குறைவது வழக்கம். உங்களுக்கு அது 25 முதல் 35 கிலோ. தராசு 77-க்கும் 87-க்கும் இடையில் எங்கோ நிற்கும். மொத்த எடையை வைத்துப் பார்த்தாலும் இதே இடத்துக்குத்தான் வருகிறது: 25 முதல் 30 சதவீதம், அதாவது 28 முதல் 34 கிலோ. சிலருக்கு இதைவிடக் கூடக் குறையும், சிலருக்குக் குறையாது.

இந்தச் சதவீதத்தில் இன்னொரு சூட்சுமம் உண்டு. நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு 25 அல்ல, 23-ஐத்தான் சரியான பி.எம்.ஐ. எல்லையாகக் கொள்ள வேண்டும் என்பார்கள். அந்த எல்லையை எடுத்தால் உங்கள் கூடுதல் எடை 50 கிலோ அல்ல, ஏறக்குறைய 55. நீங்கள் குறைத்தது அதே 30 கிலோதான். ஒரு கணக்கில் 60 சதவீதம், இன்னொன்றில் 55, மொத்த எடையில் பார்த்தால் 27. மூன்றும் பொய் இல்லை. ஆனால் விளம்பரப் பலகையில் எதைப் போடுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். ஆகவே யாராவது சதவீதம் சொன்னால், "எத்தனை கிலோ டாக்டர்? எந்தத் தேதி எடையிலிருந்து?" என்று கேளுங்கள். தேதி ஏன் என்றால், ஆபரேஷனுக்கு முன் இரண்டு வாரம் குறைந்த கலோரிச் சாப்பாடு கொடுப்பார்கள். கல்லீரலில் படிந்த கொழுப்பு வற்றி அது சுருங்கினால்தான் லேப்ராஸ்கோப்பியில் இரைப்பையை எட்டுவது சுலபம். அந்த இரண்டு வாரத்திலேயே மூன்று நான்கு கிலோ போய்விடும். அதையும் ஆபரேஷன் கணக்கில் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள், சேர்க்காதவர்களும் இருக்கிறார்கள்.

ஸ்லீவில் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் இந்த எண்கள் ஏன் இப்படி என்று புரியும். இரைப்பையின் வெளிப்பக்க வளைவை ஸ்டேப்ளரால் தைத்துத் துண்டித்து, முக்கால் பங்கு முதல் எண்பது சதவீதம் வரை வெளியே எடுத்துவிடுவார்கள். மிச்சம் ஒரு நேந்திரம்பழம் போல நீளக் குழாய், ஒரு சின்ன காபி டம்ளர் கொள்ளளவு. எடுத்த பகுதியில் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் அதிகம் சுரக்கும் இடமும் போய்விடுகிறது. அதனால் முதல் சில மாதம் கொஞ்சமாகத்தான் சாப்பிட முடியும் என்பது மட்டுமல்ல, சாப்பிட வேண்டும் என்றே தோன்றாது. "மணி பார்த்துச் சாப்பிடறேங்க" என்பார்கள். குடலைத் தொடுவதில்லை, சாப்பிட்டது வழக்கம்போலச் செரித்து உடம்பில் ஒட்டும். இந்தக் கடைசி வரியை மறக்காதீர்கள், பின்னால் தேவைப்படும்.

ஆவணியிலிருந்து மாதவாரியாகச் சொல்கிறேன். முதல் மாதம் எட்டுப் பத்து கிலோ இறங்கலாம். அதைப் பார்த்து மாதத்துக்குப் பத்து என்று பெருக்கிவிடாதீர்கள். முதலில் போவதில் தண்ணீர் நிறைய. கல்லீரலிலும் தசையிலும் சேர்த்துவைத்த சர்க்கரை தன்னோடு மூன்று நான்கு மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அது கரையும்போது தண்ணீரும் போகும். அப்புறம் மூன்றாவது வாரமோ ஐந்தாவது வாரமோ தராசு அப்படியே நின்றுவிடும். ஒரு வாரம், பத்து நாள், சிலருக்கு மூன்று வாரம்கூட. எனக்கு வரும் போன்களில் பாதி இந்தக் கட்டத்தில்தான். "கஞ்சித் தண்ணி குடிச்சுட்டுக் கிடக்கறேன், ஒரு கிராம் எறங்கல." உடம்பு தண்ணீர்க் கணக்கைச் சரிசெய்துகொண்டிருக்கிறது, வேறொன்றும் இல்லை. எதையும் மாற்ற வேண்டாம், தானாக நகரும். தராசில் மட்டும் வாரம் ஒருமுறைக்கு மேல் ஏற வேண்டாம்.

தீபாவளி உங்களுக்கு இரண்டாம் மாத வாக்கில் வரும். கார்த்திகை முடிவதற்குள் 17, 18 கிலோ குறைந்திருக்கலாம். மாசிக் கல்யாணத்துக்கு, அதாவது ஆறு மாதத்தில், மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்கு முதல் கால் பங்கு வரை: 22 முதல் 28 கிலோ. ஆக மண்டபத்தில் நிற்கும்போது நீங்கள் 84 முதல் 90-க்குள் இருப்பீர்கள். இது கொஞ்சம் இல்லை. ஒரு சிப்பம் அரிசி 25 கிலோ. அதைத் தூக்கிக்கொண்டுதான் இப்போது மாடிப்படி ஏறுகிறீர்கள்.

ஆரம்பத்தில் நானே ஒரு தப்பு செய்தேன். கொண்டலாம்பட்டிப் பக்கம் தறிக் குடும்பத்துப் பெண் ஒருவர், 118 கிலோ. உற்சாகப்படுத்துவதாக நினைத்து அவர் நோட்டில் 'இலக்கு 60' என்று பெரிதாக எழுதிக் கொடுத்தேன். ஒன்றரை வருடத்தில் அவர் 84-க்கு வந்தார். முப்பத்துநாலு கிலோ! சுகர் மாத்திரை நின்றது, தறிக்குழியில் இறங்கி ஏறினார். ஆனால் என் முன்னால் உட்கார்ந்து, "என்னால முடியலைங்க, நான் தோத்துட்டேன்" என்று அழுதார். அவரைத் தோற்கடித்தது நான் எழுதிய 60. புத்தகக் கணக்குப்படி அவருக்குக் கிடைத்தது நல்ல பலன். அன்றிலிருந்து யாருக்கும் ஒற்றை எண் எழுதுவதில்லை. இந்த மாதம் இவ்வளவிலிருந்து இவ்வளவு என்று இரண்டு எண் போடுகிறேன்.

எடை ஏன் ஒரு கட்டத்தில் நிற்கிறது? 112 கிலோ உடம்பை நடத்த ஒரு நாளைக்குத் தேவைப்பட்ட கலோரி, 82 கிலோ உடம்புக்குத் தேவையில்லை. எடை இறங்க இறங்க செலவு குறைகிறது. இன்னொரு பக்கம், ஆபரேஷன் முடிந்த மாதம் அரை இட்லி சாப்பிட்டவர் ஒரு வருடத்தில் இரண்டு சாப்பிடுவார். குழாய் கொஞ்சம் தளரும், பசியும் மெல்லத் திரும்பும். வரவும் செலவும் ஒரு நாள் சமமாகும். பெரும்பாலோருக்கு அது 12 முதல் 18 மாதத்துக்குள். அதற்குக் கீழே தராசு இறங்காது. அப்போது பட்டினி கிடந்து இறக்கப் பார்ப்பவர்கள் தசையைத்தான் இழக்கிறார்கள்.

அப்படியே நிற்குமா என்பது உங்கள் இரண்டாவது கேள்வி. பின்லாந்தில் 240 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஸ்லீவும் மறு பாதிக்கு இரைப்பை பைபாஸும் (இரைப்பையைச் சின்னதாக்கி, குடலின் ஒரு பகுதியைத் தாண்டி இணைப்பது) செய்து வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். ஸ்லீவ் செய்தவர்களிடம் ஐந்து வருடத்தில் கூடுதல் எடையில் 49 சதவீதமும், பத்து வருடத்தில் 43.5 சதவீதமும் குறைந்திருந்தது. பைபாஸில் அது 57, 50.7. உங்கள் 50 கிலோவுக்கு இதைப் பொருத்தினால் ஐந்தாவது வருடம் சுமார் 88 கிலோ, பத்தாவது வருடம் சுமார் 90. அதாவது 82 வரை போய், கொஞ்சம் ஏறி, 112-க்குத் திரும்பாமல் இருப்பதுதான் நடுவாந்தரமான கதை. நடுவாந்தரம் என்பதால் இதைவிட நல்லபடி இருப்பவர்களும் உண்டு, முழுக்கத் திரும்பப் போட்டவர்களும் உண்டு. யார் எந்தப் பக்கம் போவார் என்பதைப் பெரும்பாலும் சாயங்காலம் நாலு மணிக்கு அவர் என்ன சாப்பிடுகிறார் என்று பார்த்தே நான் சொல்லிவிடுவேன்.

இதைச் சேலத்தில் சொல்வது கொஞ்சம் சங்கடம்தான். நம் ஊர்ச் சாயங்காலமே தட்டுவடை செட்டும் நொறுக்கலும்தானே. ஆனால் விஷயம் இதில்தான் இருக்கிறது. ஸ்லீவ் குழாய், கெட்டியான சாப்பாட்டைத்தான் தடுத்து நிறுத்தும். கோழிக்கறி, முட்டை, சுண்டல், கீரைப் பொரியல் இவையெல்லாம் நாலு வாய்க்குள் நெஞ்சுக்குக் கீழே 'போதும்' என்று சொல்லிவிடும். தட்டுவடை வாயில் போட்டால் நொறுங்கி, எச்சிலோடு கூழாகி வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். ஒரு செட், இரண்டு செட், நிறைந்த மாதிரியே இருக்காது. பிஸ்கட், முறுக்கு, மிக்சர், ஐஸ்கிரீம், மாம்பழ ஜூஸ் எல்லாம் இதே ஜாதி. நான் முதலில் சொன்ன வரி இங்கே வருகிறது: உள்ளே போனது முழுக்க உடம்பில் ஒட்டும்.

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை வைத்திருந்த ஒருவர் 146 கிலோவிலிருந்து 48 கிலோ குறைத்தார். மூன்று வருடத்தில் 15 கிலோ திரும்ப ஏறிவிட்டது. "ரெண்டு இட்லிக்கு மேல எறங்காதுங்க, எப்படி ஏறும்?" என்று சத்தியம் செய்தார். இட்லி விஷயத்தில் அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. பட்டறையில் ஒரு நாளைக்குச் சர்க்கரை போட்ட டீ ஐந்து, சாயங்காலம் ஒரு தட்டு நொறுக்கல். டீ மட்டுமே நானூறு கலோரிக்கு மேல் வரும். எண்ணெயில் பொரித்த தட்டுவடை நூறு கிராமில் ஐந்நூறு கலோரியை ஒட்டி இருக்கும். அவர் அதைச் சாப்பாட்டுக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. யார்தான் சேர்க்கிறோம்? டீயில் சர்க்கரையை விட்டு, நொறுக்கலுக்குப் பதில் அவித்த கடலைக்கு மாறினார். ஏழெட்டு கிலோ இறங்கியது, முழுசும் இல்லை.

மாம்பழப் பருவம் உங்களுக்கு எட்டாவது ஒன்பதாவது மாதம், பசி எட்டிப் பார்க்க ஆரம்பிக்கிற நேரத்தில் வரும். மல்கோவா சீசனில் சேலத்தில் இருந்துகொண்டு மாம்பழமே கூடாது என்று சொல்ல எனக்கு மனசு வராது. சாப்பாட்டில் புரதத்தை முடித்த பிறகு இரண்டு கீற்று, கடித்துச் சாப்பிடுங்கள். பாலும் சர்க்கரையும் போட்டு அடித்துக் குடிக்க வேண்டாம்.

அடுத்தது ஜவ்வரிசி. மரவள்ளியும் சேகோ ஆலையும் நிறைந்த மாவட்டம் நம்முடையது. வீட்டில் யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் ஜவ்வரிசிக் கஞ்சி வைப்போம். ஆபரேஷன் முடிந்து வந்த உங்களுக்கும் உங்கள் அம்மா அதைத்தான் வைப்பார். வயிற்றுக்கு இதம், சுலபமாக இறங்கும் என்பார். இறங்கும்தான். ஆனால் ஜவ்வரிசி முழுக்க மாவுச்சத்து, புரதம் இல்லை என்றே சொல்லலாம். உங்களுக்கு ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் வேண்டும். டம்ளர் அளவு வயிற்றில் ஜவ்வரிசி இடம் பிடித்துக்கொண்டால் புரதத்துக்கு எங்கே இடம்? அரிசிக் கஞ்சி, ராகிக் கூழ் இவற்றையும் முதல் மாதங்களில் இரண்டாம் பட்சமாக வையுங்கள்.

பொதுவாக முதல் இரண்டு வாரம் திரவம்: தெளிந்த சூப், நீர்மோர், பால், டாக்டர் சொன்ன புரோட்டீன் பவுடர். அடுத்த இரண்டு வாரம் மசித்தது: வேகவைத்துக் கடைந்த பருப்பு, மசித்த முட்டை, கெட்டித்தயிர். ஐந்தாறு வாரத்தில் மென்மையானது: இட்லி, பன்னீர், மீன். நல்ல மேட்டூர் அணை மீன் கிடைத்தால் குழம்பை விட்டு மீனை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு வழக்கமான சாப்பாடு, அளவு மட்டும் சின்னது. உங்கள் ஆஸ்பத்திரி கொடுக்கும் அட்டவணை ஒரு வாரம் முன்பின் இருக்கலாம், அதையே பின்பற்றுங்கள். அளவு தெரிந்துகொள்ள: ஒரு முட்டையில் 6 கிராம் புரதம், கால் லிட்டர் பாலில் 8, நூறு கிராம் பன்னீரில் 18, சமைத்த கோழிக்கறி நூறு கிராமில் 25-க்கு மேல், ஒரு இட்லியில் 2. இந்த வரிசையைப் பார்த்தாலே தட்டில் எதை முதலில் சாப்பிட வேண்டும் என்று தெரிந்துவிடும். சைவம் என்றால் சோயா இல்லாமல் 60 கிராமைத் தொடுவது கஷ்டம். ஐம்பது கிராம் சோயா உருண்டையில் 26 கிராம் கிடைக்கும்.

சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காதீர்கள். சாப்பிட்டு அரைமணி கழித்து, சின்னச் சின்ன மடக்காக, நாள் முழுக்க ஒன்றரை லிட்டராவது. ரசத்தை ஊற்றிப் பிசைந்து விழுங்கும் பழக்கத்தையும் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். இன்னொன்று, முதல் மாதத்தில் ஏற்காட்டுக்குப் போகாதீர்கள். சிரிக்க வேண்டாம். மூன்றாவது வாரத்தில் சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்று மலைக்கு பஸ் ஏறியவர் ஒருவர் இருக்கிறார். இருபது கொண்டை ஊசி வளைவில் பத்தாவதைத் தாண்டவில்லை, வாந்தி. தையல் ஆறாத வயிற்றில் அடிக்கடி வாந்தி எடுப்பது விளையாட்டு இல்லை. வாந்தி நாள்கணக்கில் தொடர்ந்தால் உடம்பில் தயமின் என்ற பி1 வைட்டமின் தீர்ந்துபோய் நரம்பைப் பாதிக்கும். நடை தள்ளாடுவது, பார்வை இரண்டாகத் தெரிவது, குழப்பமாகப் பேசுவது இவை வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. அதேபோல முதல் சில வாரத்தில் காய்ச்சல், நெஞ்சு படபடப்பு, வயிற்றிலோ இடது தோளிலோ விடாத வலி என்றால் போன் பண்ணிக் கேட்டுக்கொண்டிருக்காமல் கிளம்பிப் போங்கள். தையல் கசிவு நூற்றில் ஒருவருக்கு வருகிற மாதிரியான விஷயம், ஆனால் வந்தால் சீக்கிரம் பார்க்க வேண்டியது.

சத்து மாத்திரை ஆயுள் முழுக்க. மல்டிவைட்டமின், பி12, வைட்டமின் டி, கால்சியம், மாதவிடாய் இருக்கும் பெண்ணுக்கு இரும்பு. இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்துப் போடாதீர்கள், இரண்டு மணி நேரமாவது இடைவெளி. முதல் ஆறு மாதம் பித்தக்கல் வராமல் இருக்க ஒரு மாத்திரையும் எழுதுவார்கள். வேகமாக எடை குறையும்போது கல் உருவாகும். இரண்டாம் வருடம் எல்லோரும் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள், அதுதான் பிரச்சினை.

முடி கொட்டும். மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை, உங்களுக்குக் கார்த்திகையிலிருந்து மாசி வரை, சரியாகக் கல்யாணத்துக்கு. வேர் போகவில்லை, ஒன்பது பத்து மாதத்தில் திரும்ப முளைக்கும். புரதமும் இரும்பும் குறைந்தால் மட்டும் நீளும். கல்யாணத்தன்று சவுரி வைத்துக்கொள்ளலாம், யாருக்குத் தெரியப்போகிறது.

ஸ்லீவின் பெரிய குறை நெஞ்செரிச்சல். குழாய்க்குள் அழுத்தம் கூடுவதால் அமிலம் மேலே ஏறும். அதே பின்லாந்து ஆய்வில் பத்தாவது வருடம் எண்டோஸ்கோப்பி செய்து பார்த்தபோது ஸ்லீவ் செய்தவர்களில் 31 சதவீதம் பேருக்கு உணவுக்குழாயில் புண் இருந்தது. பைபாஸில் 7 சதவீதம்தான். உங்களுக்கு இப்போதே புளித்த ஏப்பம், ராத்திரி எரிச்சல் இருந்தால் தேதி குறித்தாகிவிட்டதே என்று தயங்காமல் சர்ஜனிடம் சொல்லுங்கள். ஸ்லீவா பைபாஸா என்ற முடிவே மாறலாம். குறட்டைக்கும் ஆபரேஷனுக்கு முன்பே தூக்கப் பரிசோதனை வேண்டும் என்று கேளுங்கள். மயக்க மருந்து கொடுப்பவருக்கு அது தெரிய வேண்டும்.

இப்போது தராசில் ஏறாத பலன்கள். சுகர்தான் முதல். ஆபரேஷன் முடிந்த சில நாளிலேயே, எடை குறைவதற்கு முன்பே, இறங்க ஆரம்பிக்கும். பழைய டோஸில் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தால் சுகர் ரொம்பக் கீழே போய் மயக்கம் வரலாம், அதனால் டிஸ்சார்ஜ் ஆகும்போதே எந்த மாத்திரை எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். அமெரிக்காவில் கிளீவ்லாண்ட் கிளினிக்கில் நடந்த ஆய்வின் ஐந்து வருட முடிவு 2017-இல் வந்தது. மூன்று மாதச் சராசரி சுகர் (HbA1c) 6 அல்லது அதற்குக் கீழ் இருந்தவர்கள் ஸ்லீவில் 23 சதவீதம், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5 சதவீதம். 23 குறைவாகத் தோன்றலாம். அந்த ஆய்வில் இருந்தவர்கள் பல வருடச் சர்க்கரை நோயாளிகள், நிறையப் பேர் இன்சுலினில் இருந்தவர்கள். மூன்று வருடம், மாத்திரை மட்டும் என்ற உங்கள் நிலைமை அதைவிட நல்லது. இன்சுலின் தொடாதவர்களுக்கும் சமீபத்தில் சுகர் வந்தவர்களுக்கும் வாய்ப்பு கூடுதல். முழங்கால் வலியும் பெரும்பாலும் முதல் இருபது கிலோவிலேயே நன்றாகக் குறையும். மாதவிடாய் சீராகும், கருத்தரிக்கும் வாய்ப்பும் கூடும். ஆனால் ஒன்று, ஒன்றரை வருடம் கர்ப்பம் வேண்டாம் என்று சொல்லியிருப்பார்கள். "எனக்குத்தான் இத்தனை நாள் தங்கலையே" என்று அசட்டையாக இருந்தவர்களுக்கு ஐந்தாவது மாதமே தங்கியிருக்கிறது.

தோல் தொங்கும். வயிறு, மேல்கை, தொடை. கிரீம், எண்ணெய் எதுவும் அதை இழுத்துப் பிடிக்காது. 36 வயதில் கொஞ்சம் தானாகச் சுருங்கும், மீதிக்கு பிளாஸ்டிக் சர்ஜரிதான், அதுவும் எடை ஒரு வருடமாவது நிலையாக நின்ற பிறகு. 58 கிலோ காலத்து உடம்பைக் கண்ணாடியில் தேடினால் அது கிடைக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நடைக்குக் கன்னங்குறிச்சி மூக்கனேரிக் கரையோ, வீட்டு மொட்டை மாடியோ, எதுவானாலும் சரி. சேலத்து வெயிலில் காலை ஆறரைக்குள் முடித்துவிடுங்கள். நடையைவிட நான் வற்புறுத்துவது தசைக்கான பயிற்சி: நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, தண்ணீர் பாட்டிலைத் தூக்குவது, மூன்று மாதம் கழித்து நல்ல பயிற்சியாளரிடம் எடை தூக்குவது. போகிற எடையில் தசையும் சேர்ந்துதான் போகும். எவ்வளவு தசையைக் காப்பாற்றுகிறீர்களோ அவ்வளவு கலோரிச் செலவு பின்னாளில் நிற்கும்.

எடை குறைக்கிற ஊசி போட்டுக்கொண்டால் போதாதா என்று அடுத்து யாராவது உங்களிடம் கேட்பார்கள். 2025-இல் இந்தியாவுக்கு வந்த மவுஞ்சாரோ, வெகோவி ஊசிகளில் பெரிய ஆய்வுகளில் சராசரியாக மொத்த எடையில் 15 முதல் 21 சதவீதம் வரை குறைந்தது. நல்ல பலன்தான். நிறுத்தினால் பெரும்பகுதி திரும்ப ஏறுகிறது, மாதாமாதம் செலவு. பி.எம்.ஐ. 45-இல் இருக்கும் உங்களுக்கு ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பின்னாளில் எடை திரும்ப ஏறினால் அந்த ஊசியும், தேவைப்பட்டால் ஸ்லீவைப் பைபாஸாக மாற்றுவதும் கைவசம் இருக்கின்றன. ஸ்லீவே முதலில், மிக அதிக எடை உள்ளவர்களுக்குப் பெரிய ஆபரேஷனின் முதல் கட்டமாகத்தான் செய்யப்பட்டது. அதிலேயே நிறையக் குறைந்ததைப் பார்த்துத்தான் தனி ஆபரேஷனாக நிலைத்தது. ஆகவே இரண்டாம் கட்டம் என்பது தோல்வியின் அடையாளம் இல்லை.

இன்ஷூரன்ஸ் இருந்தால் எடுத்துப் பாருங்கள். பி.எம்.ஐ. 40-க்கு மேல் இருந்து, மற்ற வழிகள் பலிக்காமல், டாக்டர் பரிந்துரைத்திருந்தால் எடைக்கான ஆபரேஷனைப் பொதுவான விலக்குப் பட்டியலைக் காட்டி மறுக்க முடியாது. காத்திருப்புக் காலம் முடிந்துவிட்டதா என்பதை மட்டும் ஆபரேஷனுக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, கல்யாணப் புடவைக்கு பிளவுஸ். இதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எல்லோரும் இதில் ஏமாறுகிறார்கள். தையில் அளவு கொடுத்தால் மாசியில் தொளதொளவென்று தொங்கும், அந்த ஒரு மாதத்தில் மூன்று நான்கு கிலோ இறங்கியிருக்கும். துணியை வாங்கி வைத்துவிட்டு, டெய்லரிடம் முன்கூட்டியே சொல்லி, முகூர்த்தத்துக்குப் பத்து நாள் முன்னால் அளவு கொடுங்கள். உள்ளே இரண்டு இஞ்ச் பிடித்துத் தைக்கச் சொல்லுங்கள், பின்னால் பிரித்துவிட அல்ல, இன்னும் பிடிக்க.